ஒருவர் மட்டும் பார்த்த வால்நட்சத்திரம்

காலை பத்து மணிக்கு விண்வெளி மையத்தின் இயக்குநர் பொத்தானை அழுத்தினார். திரையில் ஒன்றும் வரவில்லை.

பத்திரிகைக்காரர்கள் கேமராக்களைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். முன்வரிசையில் அமைச்சர், புன்னகையை இறக்கிவைக்க மறந்தவர்போல உட்கார்ந்திருந்தார். இயக்குநர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை அழுத்தினார். 'இதில் கோப்புகள் எதுவும் இல்லை' என்றது திரை.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். நாற்பது வயதிருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத புதுச்சட்டை. நேராகப் போய்த் திரைக்கு முன்னால் நின்றாள்.

"நேத்து சாயங்காலம் வந்துச்சு," என்றாள், யாரையும் பார்க்காமல். "வால்நட்சத்திரப் படம் எல்லாமே வந்து சேர்ந்ததை என் கண்ணால பார்த்தேன். திறக்கலை. இன்னிக்கு எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம்னு சொன்னாங்க. அதனால நான் திறக்கவே இல்லை."

அமைச்சரின் பாதுகாப்புக்காகக் கடைசி வரிசையில் நின்றிருந்த இன்ஸ்பெக்டருக்கு வால்நட்சத்திரங்களைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் திருட்டுப் போன வீட்டுக்காரி எந்தக் குரலில் பேசுவாள் என்று காலம் காலமாகக் கேட்டுப் பழகிய காது அவளுடையது. இது கோளாறு இல்லை, களவு என்று அந்த நிமிஷமே அவளுக்குப் பட்டுவிட்டது.

அமைச்சர் கிளம்பிய கையோடு மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. "நீங்க அங்கேதானே இருக்கீங்க? நீங்களே பார்த்துடுங்க."

கல்யாணத்துக்குப் போன இடத்தில் பந்தியைக் கவனிக்கச் சொன்ன கதையாக வழக்கு அவள் தலையில் விழுந்தது.

பகல் பன்னிரண்டு மணி. கட்டுப்பாட்டுக் கூடம்.

ஒரு சினிமாக் கொட்டகை அளவுக்குப் பெரிய இடம். வரிசை வரிசையாக மேசைகள். பெரும்பாலான நாற்காலிகள் பிளாஸ்டிக் உறை மாட்டி மூடப்பட்டிருந்தன. செவ்வாய்க் கிரகத்தில் ஊர்தி இறங்கிய வருஷம் இங்கே இருநூறு பேர் இருந்தார்களாம். இப்போது ஒன்பது பேர். ஒருவர் இருமினால் அது கூடத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது.

"வண்டிக்கு வயசாயிடுச்சு மேடம்," என்றார் இயக்குநர். ஊர்தி என்று அவர்கள் யாரும் சொல்வதில்லை. வண்டிதான். "அடுத்த மாசம் குழு கூடுது. மின்சாரம் ஒரு அளவுக்குக் கீழ போனா வண்டியை நிறுத்திடச் சொல்லிடுவாங்க. நல்லவேளை, பவர் இன்னும் தாங்குது. கரண்ட் மாமா புண்ணியம்."

"அந்தப் படம் ஏன் அவ்வளவு முக்கியம்?"

"இந்த வால்நட்சத்திரம் செவ்வாய்க்கு ரொம்பக் கிட்ட வந்துச்சுங்க. ஆனா இப்ப நம்ம பூமியில இருந்து பார்த்தா, செவ்வாயும் அதுவும் சூரியனை ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒரே கூச்சம். எந்தத் தொலைநோக்கியையும் அந்தப் பக்கம் திருப்ப முடியாது. அங்கேயே நிக்கற நம்ம வண்டி ஒண்ணாலதான் பார்க்க முடியும். அதுவும் ஒரே ஒரு விடியற்காலை."

"மறுபடி எப்ப வரும்?"

"வராதுங்க."

படம் வரும் வழியை அவர் விளக்கினார். வண்டி எடுக்கும். மேலே சுற்றும் செயற்கைக்கோள் வாங்கி இங்கே அனுப்பும். கூடத்தின் கோடியில் வரவு அறை என்று ஒரு தனி அறை இருக்கிறது. அங்கே பணியில் இருப்பவர் 'வந்து சேர்ந்தது' என்று ஒரு பதில் அனுப்புவார். அது கிடைத்ததும், அடுத்த படங்களுக்கு இடம் வேண்டுமே என்று வண்டி தன் நினைவகத்தைத் துடைத்துக்கொள்ளும்.

"அப்ப அங்கேயும் இல்லை."

"அங்கேயும் இல்லைங்க, இங்கேயும் இல்லைங்க. ராத்திரியில தானா இன்னொரு பிரதி எடுத்து வைக்கும். அதுக்கு முன்னாலயே அழிச்சுட்டாங்க."

"எந்த மேசையில இருந்து?"

இயக்குநர் தயங்கினார். "வரவு அறை மேசைதான். சிக்னலோட பேர்லதான் அழிஞ்சிருக்கு."

சிக்னல் என்று எல்லோரும் கூப்பிட்ட அந்தப் பொறியாளனுக்கு முப்பது வயது. கல்யாணமாகி நான்கு மாதம். கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

"படம் வந்தப்ப யார் இருந்தாங்க?"

"நானும் வாலு அக்காவும்தாங்க. அக்கா எல்லாம் வந்துடுச்சான்னு மட்டும் பார்த்தாங்க. வீட்டுக்குப் போயிட்டாங்க."

"அப்புறம்?"

"நான் வந்து சேர்ந்ததுன்னு பதில் அனுப்பினேன்."

"அப்புறம் நகரவே இல்லையா?"

அவன் மேசை விளிம்பைச் சுரண்டினான்.

"மாடிப்படியில நின்னு போன் பேசிட்டிருந்தீங்களாமே. கூட்டற அம்மா பார்த்திருக்காங்க."

அவன் தலை கவிழ்ந்தது. "என் வீட்டுக்காரிங்க. நான் வீட்டுக்குப் போறப்ப அவ வேலைக்குக் கிளம்பிடுவா. அவ வர்றப்ப நான் இங்கே. கல்யாணம் ஆனதுல இருந்து நாங்க பேசினதெல்லாம் அந்தப் படிக்கட்டுலதான்."

"எவ்வளவு நேரம் பேசினீங்க?"

"அரை மணி இருக்குங்க."

"படியில இருந்து அறைக்கதவு தெரியுமா?"

"நல்லாத் தெரியும். கண்ணை எடுக்கலை மேடம்."

"யாராவது உள்ள போனாங்களா?"

"இல்லைங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"சத்தியமா யாரும் உள்ள போகலைங்க."

அந்த அறைக்கு ஒரே கதவு. ஜன்னல் கிடையாது. அவன் பொய் சொல்வதுபோலவும் தெரியவில்லை. அவன் சொல்வது உண்மையானால், அழித்தவன் அவனைத் தவிர வேறு யாராகவும் இருக்க முடியாது. தன் கழுத்துச் சுருக்கைத் தானே இழுத்து முடிச்சுப் போடுகிறானே இந்தப் பிள்ளை என்று இன்ஸ்பெக்டர் நினைத்துக்கொண்டாள்.

மதியம் இரண்டு மணி. சிற்றுண்டிச்சாலை.

திரைக்கு முன்னால் போய் நின்றவள் ஆறிப்போன டீயை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். வானியல் ஆராய்ச்சியாளர். எல்லோருக்கும் வாலு.

"வால்நட்சத்திரம் பின்னாலயே அலையறதால அந்தப் பேருங்க. சின்ன வயசுலயும் வீட்டுல அதே பேர்தான், காரணம் வேற." சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. "நாலு வருஷம் மேடம். இதுக்காகத்தான் நான் வேற வேலைக்குப் போகலை. இதுக்காகத்தான் வேற எதையுமே செய்யலை."

"யார் மேலயாவது சந்தேகம்?"

"ஒன்பது பேர்தான் இருக்கோம். ஒருத்தர் மேல சந்தேகப்பட்டா மிச்சம் யார் இருக்காங்க எனக்கு?"

"படம் எடுக்கறதுல கடைசி நேரத்துல ஏதாவது மாத்தினீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு. கேமராவை ஒரு விரல்கடை கீழ இறக்கினேன். வெறும் வானமா இருந்தா அதுல ஒரு உயிர் இருக்காது. தொடுவானமும் வண்டியோட ஓரமும் லேசாத் தெரிஞ்சா, அங்கே நின்னு நாமளே பார்க்கற மாதிரி இருக்குமேன்னு. இயக்குநர்கிட்ட மட்டும் சொன்னேன். மத்தவங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

மறுநாள் காலை. மின்பிரிவு.

கூடத்தின் மூலையில் ஒரு மேசையைச் சுற்றி மட்டும் மனித வாடை இருந்தது. ஃப்ளாஸ்க், நாலைந்து டம்ளர், நாற்காலி முதுகில் ஒரு கம்பளிச் சட்டை. வண்டியின் மின்கணக்கைப் பார்க்கும் பெரியவரைக் கரண்ட் மாமா என்றார்கள். சூரியத் தகடுகளில் இன்றைக்கு எவ்வளவு மின்சாரம் கிடைத்தது, நாளைக்கு வண்டி எவ்வளவு தூரம் நகரலாம், எதற்கெல்லாம் தடை என்று சொல்வது அவர் வேலை. முன்பு ஆறு பேர் பார்த்த வேலை அது.

இயக்குநர் ஏதோ கேட்டுக்கொண்டு நின்றார். "போப்பா, அப்புறம் பார்க்கலாம்," என்று அவரை அனுப்பிவிட்டுக் கரண்ட் மாமா திரும்பினார்.

"வாம்மா. உட்காரு. டீ குடிக்கிறியா?"

இன்ஸ்பெக்டர் ஒரு கணம் அப்படியே நின்றாள். சீருடை போட்ட நாளிலிருந்து அவளை யாரும் நீ என்று கூப்பிட்டதில்லை. தொலைபேசியில் அக்கா ஒருத்திதான். கூசும் என்று நினைத்தாள், கூசவில்லை. குளிரில் யாரோ போர்த்திவிட்டதுபோல இருந்தது.

டீ வாயில் வைக்க முடியாத சூடு. மேசையில் இருந்த கடிகாரம் அவள் கைக்கடிகாரத்துக்குக் கொஞ்சமும் ஒத்துப்போகாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அது செவ்வாய்க் கடிகாரம்," என்றார். "அங்கே ஒரு நாள்ங்கறது இங்கேயைவிட முக்கால் மணி நேரம் மாதிரி கூட. வண்டி இறங்கின புதுசுல எல்லாரும் அந்த நேரத்துக்குத்தான் எழுந்தோம், தூங்கினோம். அப்புறம் ஒவ்வொருத்தரா விட்டுட்டாங்க. நான் விடலை. இப்ப எனக்கு ராத்திரிச் சாப்பாட்டு வேளை, தெரியுமா?"

"வீட்டுல எப்படி ஒத்துக்கறாங்க?"

"வீட்டுல யாரு இருக்கா? அவ மகன்கிட்ட இருக்கா, வெளிநாட்டுல. பேரப்பிள்ளை வளர்க்கப் போனவ, அங்கேயே தங்கிட்டா. வண்டி நின்னதும் வந்துடறேன்னு சொல்லிவச்சிருக்கேன்." டம்ளரைச் சுழற்றினார். "அங்கே போய் நான் என்ன பண்ணப் போறேன், சொல்லு. சோபாவுல உட்காரலாம். இங்கே நான் கணக்குப் போட்டாத்தான் அது கண்ணு முழிக்குது."

"இந்தப் படம் எடுக்கறதுக்கு நிறைய மின்சாரம் ஆகியிருக்குமே? நீங்க தடுக்கலையா?"

"தடுப்பேனா? அந்தப் பொண்ணு எத்தனை நாள் வந்து கெஞ்சியிருக்கா. மத்த வெட்டிச் செலவைத்தான் நான் விடமாட்டேன். வண்டி தன்னைத்தானே படம் எடுத்துக்கறது, தகட்டைப் படம் எடுக்கறது, அதெல்லாம் நிறுத்தி எட்டு மாசமாச்சு. அப்படிச் சேர்த்து வச்சதுதான் இதுக்கு உதவிச்சு."

"படம் போனதுல உங்களுக்கு வருத்தம்தானே?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"வருத்தம் இல்லாம இருக்குமா? எங்கேயோ இருட்டுல கிடந்துச்சுங்க, வந்துச்சுங்க, போயிடுச்சுங்க. இனி யார் கண்ணுக்குக் கிடைக்கும்? நீ டீயைக் குடி, ஆறிடப் போகுது."

அவள் குடித்தாள்.

நாட்கள் போயின. இன்ஸ்பெக்டரின் ஆட்கள் கணினியைப் பிரித்துப் பார்த்தார்கள். அழித்த இடத்தின்மேல் வேறு எதையோ எழுதி மூடியிருந்தது. மீட்க வழியில்லை என்று கைவிரித்தார்கள். சிக்னலைப் பணியிலிருந்து நீக்கி வைத்தார்கள். அவன் மனைவி காவல் நிலையத்துக்கு வந்து, "அன்னிக்கு நான்தாங்க போன் பண்ணினேன், நான் பண்ணியிருக்கலைன்னா..." என்று முடிக்காமல் அழுதாள். கைது செய்துவிடலாமே என்று மேலிடம் கேட்டது. இரண்டு நாள் தாருங்கள் என்று மட்டும் இன்ஸ்பெக்டர் சொன்னாள். அழிப்பதால் அந்தப் பையனுக்கு என்ன லாபம் என்ற கேள்வி ஒன்றுதான் செருப்பில் புகுந்த கல்போல உறுத்திக்கொண்டிருந்தது.

இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம் ஆகிறது. குடியிருப்பில் இரண்டு அறை, ஒரு நாற்காலி. கதவைத் திறந்ததும் விளக்கைப் போடும் முன்பே டிவியைப் போட்டுவிடுவாள். யாராவது பேசிக்கொண்டிருந்தால் போதும். என்ன பேசுகிறார்கள் என்பது அடுத்த சங்கதி.

அன்று சாயங்காலம் என்ன பேசுகிறார்கள் என்று நின்று கேட்டாள். வால்நட்சத்திரம் சூரிய வெளிச்சத்தை விட்டு ஒதுங்கி, ஒரு மலை உச்சித் தொலைநோக்கியில் முதல் முறையாகத் தட்டுப்பட்டிருக்கிறது. ஆனால் ஒன்றாக இல்லை. நடுவே எப்போதோ உடைந்து இரண்டாகப் போய்க்கொண்டிருக்கிறது. செவ்வாயைக் கடந்த சமயத்தில் உடைந்திருக்கலாம் என்றும், அதை உறுதி செய்யக்கூடிய படங்கள் துரதிருஷ்டவசமாக இழக்கப்பட்டுவிட்டன என்றும் செய்தி வாசிப்பவர் சொன்னார். இதை எவரும் எதிர்பார்க்கவில்லை என்று ஓர் அறிஞர் சொன்னார்.

தொலைபேசி அடித்தது. அக்கா.

"சாப்பிட்டியாடி?"

"ஆச்சு."

"என்ன சாப்பிட்டே?"

"ஏதோ ஒண்ணு."

"ஏதோ ஒண்ணுதான். இங்கே கதையைக் கேளு. பால்கனியில பயறு காயப் போட்டிருந்தேன். உள்ள போய்த் திரும்பறதுக்குள்ள ரெண்டு புறா. வந்துச்சுங்க, தின்னுச்சுங்க, போயிடுச்சுங்க. அப்படியே துடைச்ச மாதிரி."

"என்ன சொன்னே?"

"துடைச்ச மாதிரின்னேன்."

"அதுக்கு முன்னால."

"என்னாச்சு உனக்கு? வந்துச்சுங்க, தின்னுச்சுங்க, போயிடுச்சுங்கன்னு சொன்னேன்."

"அக்கா, நீ எனக்கு எப்ப இருந்து 'ங்க' போட ஆரம்பிச்சே?"

"உனக்கு எதுக்குடி நான் ங்க போடணும்? புறா ரெண்டு இல்லையா?"

இன்ஸ்பெக்டர் டிவியை நிறுத்தினாள். வீடு முழுக்க அமைதி. அக்கா "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை ஒன்பது மணி. கட்டுப்பாட்டுக் கூடம்.

ஒன்பது பேரையும் வரச் சொல்லியிருந்தாள். சிக்னலையும் வீட்டிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். நாற்காலி உறைகளைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள்.

"தம்பி, அன்னிக்கு யாராவது உள்ள போனாங்களான்னு கேட்டேன். இல்லைன்னீங்க. இப்ப வேற மாதிரி கேட்கறேன். நீங்க வெளிய வந்தப்ப உள்ள யார் இருந்தாங்க?"

சிக்னலின் முகம் வெளுத்தது. அவன் பார்வை ஒரு நொடி பக்கவாட்டில் போய்த் திரும்பியது.

"பொய் சொல்லலைங்க. உள்ள போனாங்களான்னுதான் கேட்டீங்க."

"வேலை போகும், ஜெயிலும் கிடைக்கும். அப்படியும் சொல்லலை. ஏன்?"

"எனக்கு அப்பா இல்லைங்க," என்றான் அவன். "கல்யாணத்துல அப்பா இடத்துல நின்னவர். நீ போய்ப் பேசிட்டு வா, நான் உட்கார்ந்திருக்கேன்னு சொன்னார். அந்த நாற்காலியில வேற ஆள் உட்காரவே கூடாது. சொன்னா அவர் வேலையும் போயிடுமேன்னு... அவர் அழிச்சிருப்பாருன்னு நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கலைங்க."

யாரும் அந்த மூலையைப் பார்க்கவில்லை. அங்கே ஃப்ளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது.

இன்ஸ்பெக்டர் எழுந்து அந்த மேசைக்குப் போனாள். "மாமா, நீங்க யாரையாவது 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. இயக்குநரையே போப்பான்னுதான் சொல்றீங்க. என்னையும் வாம்மா, உட்காரு, குடின்னீங்க. எனக்கு அது பிடிச்சிருந்தது. அதனாலதான் ஞாபகம் இருக்கு. ஆனா அந்தப் படத்தைப் பத்திப் பேசறப்ப மட்டும், வந்துச்சுங்க, போயிடுச்சுங்கன்னீங்க. அன்னிக்கு மரியாதைன்னு நினைச்சு விட்டுட்டேன். அது எனக்குக் கொடுத்த மரியாதை இல்லை. ஒண்ணுன்னா வந்துச்சு. ரெண்டுன்னாத்தான் வந்துச்சுங்க. அது ரெண்டா உடைஞ்ச சங்கதி நேத்து சாயங்காலம் வரைக்கும் உலகத்துல யாருக்கும் தெரியாது. அந்தப் படத்தைப் பார்த்தவருக்கு மட்டும்தான் தெரியும்."

கரண்ட் மாமா டம்ளரை நிமிர்த்தி வைத்தார். ஊற்றவில்லை.

"ஏன்னுதான் முதல்ல புரியலை," என்று இன்ஸ்பெக்டர் தொடர்ந்தாள். "அப்புறம் வாலு கேமராவைக் கீழ இறக்கினது ஞாபகம் வந்துச்சு. படத்துல வண்டியோட ஓரம் தெரியும். அந்த ஓரத்துல என்ன இருக்கு?"

"சூரியத் தகடு," என்றார் இயக்குநர், தன்னையறியாமல்.

"எட்டு மாசமா யாரும் பார்க்காத தகடு. பார்க்க விடாதவர் யார்?"

"தகடு மேல விரல் தடிமனுக்கு மண்ணு," என்றார் கரண்ட் மாமா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நான் சொன்ன அளவுல பாதி மின்சாரம்கூட வரலை. கணக்கை ஏத்திச் சொல்லிக்கிட்டே இருந்தேன். இன்னும் ரெண்டு மாசத்துல அங்கே காத்துக் காலம். ஒரு நல்ல காத்து அடிச்சா மண்ணு பறந்துடும். முன்னால ரெண்டு தடவை பறந்திருக்கு. அதுக்குள்ள குழு கூடி நிறுத்திடக் கூடாதேன்னு..." நிறுத்தினார். "அழிக்கணும்னு நான் உட்காரலை. வால்நட்சத்திரத்தைப் பார்க்கணும்னுதான் திறந்தேன். ஆசை, அவ்வளவுதான். அது தெரிஞ்சுது. கீழயே தகடும் தெரிஞ்சுது. ஓரத்தை மட்டும் வெட்டிடலாமான்னு பார்த்தேன். வெட்டினா அளவு மாறும், கேட்பாங்க. அவன் திரும்பி வர்ற சத்தம் கேட்டுச்சு."

"பழியை அவன் சுமக்கறப்பவும் பேசாம இருந்தீங்களே."

அவர் சிக்னலைப் பார்க்க முயன்றார், முடியவில்லை.

வாலு மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வெளியே போனாள். அவள் செருப்புச் சத்தம் நடைபாதையின் கோடிவரை கேட்டது.

அரசு ஆவணங்களை அழித்த குற்றத்துக்கு வழக்குப் பதிவானது. சிக்னல் வேலைக்குத் திரும்பினான். குழு அவசரமாகக் கூடி, அந்த மாதக் கடைசியில் வண்டியை நிறுத்துவதென்று முடிவு செய்தது. கரண்ட் மாமாவின் மகனுக்கு இன்ஸ்பெக்டரே தொலைபேசியில் சொன்னாள். டிக்கெட் கிடைத்ததும் வருகிறேன் என்றான். பின்னால் ஒரு பெண் குரல், "அவர் சாப்பிட்டாராமா, கேளு" என்று அவசரமாகக் கேட்டது.

அவர் சாப்பிட்டிருக்கவில்லை. காவல் நிலையத்துக் கடிகாரம் அவருக்குப் பழகவில்லை. பகலில் அவருக்குத் தூக்கம் வந்தது. மற்றவர்கள் தூங்கும்போது பெஞ்சில் விழித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் பிற்பகல் வாலு வந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது. "அவரைப் பார்க்கணும்."

"திட்டறதா இருந்தா வெளியில வச்சு என்னைத் திட்டிட்டுப் போயிடுங்க," என்றாள் இன்ஸ்பெக்டர். "அவர் தாங்க மாட்டார்."

"திட்டறதுக்கு இல்லைங்க."

விசாரணை அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி. கரண்ட் மாமா அவளைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். வாலு உட்கார்ந்தாள்.

"உங்களை நான் மன்னிக்கலை," என்றாள். "இனிமேலும் மன்னிப்பேனான்னு தெரியலை. ஆனா அதை இந்த உலகத்துல பார்த்த ஆள் நீங்க ஒருத்தர்தான். வேற யார்கிட்ட போய் நான் கேட்பேன்?"

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லுங்க மாமா. என்ன பார்த்தீங்க?"

"ஊமை கண்ட கனவாப் போச்சும்மா எனக்கு," என்றார் கரண்ட் மாமா. "பார்த்ததுல இருந்து யார்கிட்டயாவது சொல்லிடணும்னு தவிச்சுக்கிட்டிருந்தேன். யார்கிட்டச் சொல்ல முடியும்? அதான் அன்னிக்கு இந்த அம்மாகிட்ட என்னையறியாம..." கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மெதுவாக அவருடைய பழைய வேலைக்குரல் திரும்பியது. "தொடுவானத்துல லேசா நீலம். அதுக்கு மேல நல்ல கறுப்பு. அந்தக் கறுப்புல ரெண்டு. சின்னது முன்னால, பெரியது பின்னால. நிலா அகலத்துல பாதிகூட இருக்காது இடைவெளி. எல்லாரும் நினைச்ச மாதிரி நீள வால் இல்லை. சின்னதுக்கு வாலே இல்லை, பெரியதுக்கு ஒரு பக்கமா விசிறி மாதிரி. முதல் படத்துல ரெண்டுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு வெளிச்சம் இருந்துச்சு. நூல் மாதிரி. கடைசிப் படத்துக்கு வர்றப்ப அது இல்லை."

வாலு மூச்சை இழுத்துப் பிடித்திருந்தாள். "நூல் எந்தப் படத்துல அறுந்துச்சு?"

"ஏழுல இருந்துச்சு. எட்டுல இல்லை."

"நிச்சயமா?"

"நிச்சயமா. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அழிக்கறதுக்கு முன்னால கடைசியா அந்த ரெண்டையும்தான் பார்த்தேன்."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வழிந்தது. துடைக்கவில்லை. உடைந்த நிமிஷத்தை அந்தக் கிரகத்தில் நின்ற ஒரு பழைய வண்டி பார்த்திருக்கிறது. அந்த வண்டியின் கண்வழியே இந்தக் கிழவர் பார்த்திருக்கிறார். அவர் சொல்லை எந்த அறிஞர் சபையும் ஏற்காது. அது அந்த அறையில் இருந்த மூவருக்கும் தெரிந்தது.

கதவருகே நின்ற இன்ஸ்பெக்டருக்கு வெளியே வேலை காத்திருந்தது. அவள் மூன்றாவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள் வாலு. "முதல் படத்துல இருந்து. மெதுவா."